கூத்து, பள்ளிவாசல், கோயில்: இலங்கையின் கிழக்குக் கரையில் நம்ம பக்கத்தில் அம்ப் (அம்ப்ளிஃபையர்) செய்கிறவர்களிடம் வாங்கிய அனுபவங்கள்

ஆரையம்பதியிலிருந்து:

எங்கள் கூத்துக் கழகத்துக்கு அம்பும் ஸ்பீக்கர் பொக்ஸும் செய்து தந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். ரேடியோ ரிப்பெயார் கடைக்காரர். முதலில் வீட்டில் பாட்டுக் கேட்கிற பொக்ஸ்தான் செய்தார், மலிவு புளூடூத் பெட்டிகள் வந்து குவிந்ததும் அது படுத்துவிட்டது. அப்புறம் ஒரு வடமோடிக் கூத்துக்கு (எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளில் ஒன்று) வந்தவர் விடியும்வரை களரியை, அதாவது கூத்தாடும் இடத்தை, சுற்றி நடந்து நடந்து கேட்டுக்கொண்டே இருந்தார். கூம்பு ஸ்பீக்கரில் மத்தளமும் சல்லாரித் தாளமும் சதங்கையும்தான் வரும், பாட்டில் ஒரு சொல் பிடிபடாது. வட்டக்களரி என்றால் சனம் நாலு பக்கமும் இருக்கும், ஆடுகிறவரும் சுழன்றுகொண்டே இருப்பார், ஒரு திசை பார்த்துக் கட்டிய கூம்பால் என்ன பயன். அவர் மைக் சேனலில் 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மெய்யெழுத்துகள் தெளிகிற 2000 முதல் 4000 வரையைக் கொஞ்சம் தூக்கிவிட்டார். கூம்பைக் கழற்றிவிட்டு களரியைச் சுற்றிச் சின்னச் சின்னப் பொக்ஸ், சத்தமும் குறைவு. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு "இப்பதான் தம்பி விருத்தம் விளங்குது" என்றார். இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு 2007இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு போட்டதிலிருந்து, சத்தம் களரிக்குள்ளேயே நிற்பது எங்களுக்குப் பெரிய உதவி. பக்கத்து ஊர்க் கழகங்கள் எங்கள் கூத்தைப் பார்த்துத்தான் அவரிடம் போனார்கள், அவர் ஒரு போஸ்டரும் ஒட்டியதில்லை.

காத்தான்குடியிலிருந்து:

எங்கள் பள்ளிவாசலிலும் இதே மாதிரித்தான். சுவரெல்லாம் டைல்ஸ், மேலே குவிமாடம், பயான் (மார்க்க உரை) எதிரொலியில் கரைந்துவிடும். நிர்வாகம் இன்னும் பெரிய அம்ப் கேட்டது. அம்ப் செய்து கொடுக்கிற காக்கா (அண்ணன்) வந்தார், நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டினார், அந்தச் சத்தம் அடங்கும்வரை காது கொடுத்து நின்றார், பிறகு "பெரிய அம்ப் போட்டா எதிரொலிதான் பெருகும், நான் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். சின்ன ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒல்லிப் பெட்டிகளைத் தூணில் தலை உயரத்தில் பொருத்தினார். அப்படி அடுக்கினால் ஒலி மேலும் கீழும் அதிகம் விரியாது, குவிமாடத்துக்குப் போகாமல் ஆட்களிடம் வரும். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன ஒருவரிடம்தான் இப்போது எல்லோரும் போகிறார்கள்.

திருக்கோவிலிலிருந்து:

1940இல் தொடங்கிய டெல்லி அகுஜா மாதிரிப் பெரிய கம்பெனி எல்லா ஊருக்கும் ஒரே செட்டைத்தான் செய்ய முடியும், கடற்கரைக் கோயில் ஒன்றுக்கென்று தனியாக யார் செய்யப்போகிறார்கள்? எங்களுக்குச் செய்கிறவர் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். உப்புக்காற்றில் ஈயம் வைத்த இடமெல்லாம் பச்சை பூக்கும், அதனால் போர்டு முழுவதும் வார்னிஷ் பூசுகிறார், ஆணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. மின்சார லைன் கடைசியில் இருக்கிற கோயில், திருவிழா விளக்குகள் எரியும்போது 230 வோல்ட் நன்றாக இறங்கிவிடும். அவர் ட்ரான்ஸ்போமரைத் தானே சுற்றுகிறவர் என்பதால் குறைந்த வோல்டேஜுக்கு இன்னொரு டப் (சுற்றின் இடையிலிருந்து எடுக்கும் இணைப்பு) எடுத்து, முன்னால் ஒரு சுவிட்ச் வைத்துத் தந்தார். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன், ஒவ்வொரு வயருக்கும் பேனையால் எழுதிய துண்டு ஒட்டியிருந்தது, நாளைக்கு வேறு யாரும் திறந்து பழுது பார்க்கலாம். அந்தத் துண்டுக் காகிதத்துக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியபோது வெளியிலிருந்து வரும் செட்டின் விலை கைக்கு எட்டவில்லை. அந்த நேரம் பழைய அம்ப்களைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்துத்தான் அவர் இந்தக் கரையோரம் முழுக்கத் தெரிந்தவரானார்.

வாங்க நினைப்பவர்கள் தைப்பொங்கலோடு போய்ச் சொல்லிவிடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் திருவிழாவுக்குக் கதவு திறந்துவிட்டால் ஆடி அமாவாசை முடியும்வரை அவர் புது ஓடர் எடுப்பதில்லை, கொடுத்த செட்டுகளின் பழுது மட்டும்தான் பார்ப்பார்.