குரோனல்லா ஊசி விவகாரமும் நம்ம ஊர் பவுடர் டப்பாவும்: ரெண்டு சந்தேகம்

மெரினா_விங்கர் கேட்டது:

ரக்பி லீக் பத்திப் படிச்சிட்டிருக்கேன். 13 பேர் ஆடுற லீக், இங்க நாம ஆடுற செவன்ஸ் இல்ல. அதுல குரோனல்லா ஷார்க்ஸ்னு ஒரு ஆஸ்திரேலிய கிளப்போட கதைதான் புரியல. 2011-ல் வீரர்களுக்கு பெப்டைடு என்கிற ஊக்கமருந்து கொடுத்த விவகாரத்துக்கு 2014 ஆகஸ்ட்ல 12 மாசத் தடைன்னு அறிவிப்பு வருது. ஆனா அந்த கிளப் ஆட்கள் உட்கார்ந்தது மூணே மேட்ச். 2016-ல் அதே கிளப் கோப்பையும் அடிச்சுடுச்சு. யாருக்கும் சிறுநீர்ல பாசிட்டிவ் வரலையாம். பாசிட்டிவ் வராம தடை எப்படி? 12 மாசம் எப்படி மூணு மேட்ச் ஆச்சு?

அடுத்தது நம்ம ஊர் விஷயம். 2025-ல் முதல் ரக்பி பிரீமியர் லீக்கை சென்னை புல்ஸ் ஜெயிச்ச பிறகு, தேசிய முகாம் வரைக்கும் போகலாம்னு நம்பிக்கையோட கிளப் பசங்க இறங்கியிருக்காங்க. பையில பிரீ-ஒர்க்அவுட் டப்பா, வெயிட் கெய்னர். லேபிள்ல தடைப்பொருள் பேர் எதுவும் இல்லன்னா அது போதுமா?

---

ஸ்கிரம்_மணி:

வாடா விதியில (உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, யாரையும் கூப்பிடல) சாம்பிள்ல மருந்து இருக்கிறது ஒரு குற்றம். பயன்படுத்தினது, பயன்படுத்த முயன்றது தனிக் குற்றம். ரெண்டாவதுக்கு சாம்பிளே தேவையில்லை. குறுஞ்செய்தி, மருந்து வாங்கின கணக்கு, வாக்குமூலம் போதும்.

2013 பிப்ரவரி 7 அன்னைக்கு ஆஸ்திரேலியக் குற்ற ஆணையத்தோட அறிக்கை வந்ததும் அந்த நாட்டு முகமையான ஆஸாடா தோண்ட ஆரம்பிச்சது. ஸ்டீபன் டேங்க் என்கிற விளையாட்டு விஞ்ஞானி 2011 சீசன்ல குரோனல்லாவில இருந்தார், 2012-ல் எஸ்ஸெண்டன் என்கிற ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப்ல. குரோனல்லாவில பேச்சுல அடிபட்டது சி.ஜே.சி-1295, ஜி.எச்.ஆர்.பி-6. ரெண்டும் உடம்பே வளர்ச்சி ஹார்மோனைக் கூடுதலாச் சுரக்கத் தூண்டுற சரக்கு.

உங்க கணக்குக்கு விடை: அன்னைய விதியில முதல் தப்புக்கு 2 வருஷம். 'பெரிய அளவு தவறு இல்லை'ன்னு ஏத்துக்கிட்டா அதிகபட்சம் பாதி குறைக்கலாம், அதுதான் 12 மாசம். விசாரணை வீரரோட தப்பில்லாம இழுத்தா தடை முன்னாடியே தொடங்கிடுச்சுன்னு பழைய தேதி போடலாம். 2013 நவம்பர்னு போட்டுட்டாங்க. நடுவுல ஆடின 2014 சீசன் பூரா தடைக் காலத்துல சேர்ந்துபோச்சு, பாக்கி மூணு மேட்ச். அடி வாங்கினது கிளப்பும் பயிற்சியாளரும். 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் (அதுல ஒரு பகுதி நிறுத்திவைப்பு), ஷேன் ஃபிளனகனுக்கு சஸ்பென்ஷன். அந்த சீசன்ல அட்டவணையிலயும் கடைசி இடம்.

எஸ்ஸெண்டன் ஆட்கள் ஒத்துக்காம வழக்காடினாங்க. 2015 மார்ச்சில் உள்ளூர் தீர்ப்பாயம் விடுவிச்சது. வாடா மேல்முறையீடு போச்சு, 2016 ஜனவரியில விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 34 பேருக்கும் தடை போட்டது, 2016 சீசன் முழுசா போச்சு. அந்தத் தீர்ப்புல ஒரு இடம் கவனிங்க. அந்தக் காலத்துல அவங்ககிட்ட சாம்பிள் எடுத்தப்போ ஃபாரத்துல 'சமீபத்துல எடுத்த மருந்து, சப்ளிமென்ட்' கட்டத்துல ஒருத்தரும் அந்த ஊசியை எழுதல. கிளப் அனுமதிச்சதுன்னு நம்பியிருந்தா ஏன் எழுதல? அந்தக் காலிக் கட்டமே அவங்களுக்கு எதிரா நின்னுச்சு.

இப்போ விதி இன்னும் கடுமை. குரோனல்லாவோட பிரான்சன் ஸெர்ரி 2019 நவம்பர்ல கொடுத்த சாம்பிள்ல டெஸ்டோஸ்டிரோன் வகையறா வந்தது, 4 வருஷம். கான்பெர்ரா வீரர் சாண்டோர் ஏர்ல் 2013-லேயே 4 வருஷ வழக்குல விழுந்ததுக்குக் காரணம், பயன்படுத்தினதோட கைமாத்திவிட்டதும் சேர்ந்தது. ஜிம்மில 'எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு'ன்னு வாங்கிப் பிரிக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிக்கணும்.

---

தூண்_எண்8:

அதெல்லாம் சரி. ஆஃப் சீசன்ல 8 கிலோ ஏத்திட்டு வந்து, 100 கிலோ உடம்போட 80 நிமிஷம் ஓடுறவனைப் பார்த்தா நமக்கே தெரியுதே. எல்லாரும் போடுறாங்க, மாட்டுறவன் முட்டாள்.

---

லேப்கோட்டு:

உடம்பைப் பார்த்துத் தெரியாது. காயத்துல மெலிஞ்சு கிடந்தவர் திரும்ப எடை ஏத்துறது, 19 வயசுப் பையன் முதல் முறையா ஒழுங்கா சாப்பிட்டு எடை தூக்குறது, ரெண்டுலயும் 6, 8 கிலோ சாதாரணம்.

லேப்ல பார்க்கிறது வேற. டெஸ்டோஸ்டிரோனுக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் பெரும்பாலானவங்களுக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். 4-ஐத் தாண்டினா சந்தேகம். ஆனா யு.ஜி.டி.2பி17 என்கிற மரபணு இல்லாதவங்களுக்கு, ஆசியாவுல இது நிறைய, ஊசி போட்டாலும் விகிதம் 4-க்குக் கீழேயே நிக்கும். அதனால இப்போ பொது வரம்போட நிறுத்துறதில்ல. உயிரியல் பாஸ்போர்ட்ல (ஒரு வீரரோட சோதனை அளவுகளைத் தொடர்ச்சியாச் சேர்த்து வைக்கிற பதிவு) அவரோட பழைய அளவுகளோடயே ஒப்பிடுவாங்க. விலகல் இருந்தா கார்பன் ஐசோடோப் சோதனை. செயற்கை டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் சோயா மாதிரி தாவர மூலத்துலருந்து செய்றது. அதுல கார்பன்-13 நம்ம உடம்பு செய்றதைவிடக் குறைவு. அந்த வித்தியாசம் தெரிஞ்சா 'என் உடம்புல இயல்பாவே அதிகம்'னு சொல்ல வழியில்லை.

வளர்ச்சி ஹார்மோன்லதான் ஜன்னல் சின்னது. ரத்தத்துல ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள பிடிக்கணும். உலகத்துல அந்தச் சோதனையில முதல்ல மாட்டினது ரக்பி லீக் வீரர்தான். இங்கிலாந்து கிளப் வேக்ஃபீல்டோட டெரி நியூட்டன், 2009 நவம்பர்ல எடுத்த ரத்தம், 2010 பிப்ரவரியில 2 வருஷத் தடை. ஆட்டத்து அன்னைக்கு எடுத்ததில்ல, சீசன் இல்லாத காலத்துல திடீர்னு வந்து எடுத்தது. சாம்பிளை 10 வருஷம் வரைக்கும் வச்சிருந்து புது முறையில திரும்பச் சோதிக்கலாம் என்பதையும் தூண் அவர்கள் கணக்குல சேர்த்துக்கட்டும்.

---

மருந்துப்பெட்டி:

ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன். லேபிள் போதாது. காரணம் மூணு வகை.

பேரை மாத்தி எழுதுறது ஒண்ணு. டி.எம்.ஏ.ஏ. என்கிற ஊக்கி 'மெத்தில்ஹெக்ஸனமைன்', '1,3-டைமெத்திலமைலமைன்', 'ஜெரேனியம் சாறு'ன்னு எல்லாம் வரும். தசை வளர்க்கிற ஆஸ்டரின், 'எனோபோசார்ம்' அல்லது 'எம்.கே-2866'. லிகாண்ட்ரோல், 'எல்.ஜி.டி-4033'. ஹிகெனமைன், 'நார்கோக்ளோரின்'. இந்தக் கடைசி ஆள் தாமரை விதைக்குள்ள இருக்கிற பச்சை முளையிலயே இருக்கு. ராசப்ப செட்டித் தெருவுல பொடியா வாங்கினாலும் விதி விதிதான், இயற்கைன்னு சலுகை இல்லை.

அளவு எழுதாத கலவை ரெண்டாவது. 'பிரத்யேகக் கலவை 6 கிராம்'னு ஒரே வரியில போட்டு உள்ள என்ன எவ்வளவுன்னு சொல்லாத டப்பாவை அப்படியே திருப்பி வச்சிடுங்க.

மூணாவதுதான் பயப்பட வேண்டியது. எழுதவே எழுதாதது. காலையில ஆஸ்டரின் கலந்த சரக்கு ஓடின அதே மிக்ஸர்ல, சரியாக் கழுவாம, மதியம் உங்க கிரியேட்டின் ஓடும். ஆலைக்காரருக்கு அது தூசி. ஆனா லேப் கருவி ஒரு மில்லியில நானோகிராமுக்கும் கீழ பார்க்கும். சில மைக்ரோகிராம் உள்ள போனாலே பாசிட்டிவ் வரலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கேன்னு கேட்பாங்க. அது உணவா விற்க உரிமம், தடைப்பொருள் இல்லைன்னு சான்று இல்லை.

வாங்கித்தான் ஆகணும்னா 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' முத்திரை பாருங்க, ஒவ்வொரு பேட்ச்சும் சோதிச்ச பிறகுதான் விற்பனைக்கு வரும். பக்கத்துலயே 'இன்ஃபார்ம்டு சாய்ஸ்'னு ஒண்ணு இருக்கு. அது மாசா மாசம் கடையிலருந்து எடுத்துச் சோதிக்கிறது, உங்க டப்பா அந்தச் சோதனையில இருந்ததுன்னு அர்த்தமில்லை. முத்திரையை நம்பாம, டப்பா அடியில இருக்கிற பேட்ச் நம்பரை அவங்க தளத்துல தட்டிப் பார்க்கணும். அங்க அந்த நம்பர் இல்லைன்னா நம்பாதீங்க. ஜிம்மில சீல் உடைச்சு ஸ்கூப் கணக்குல, ஜிப் கவர்ல கொடுக்கிறதை இலவசமாக் கொடுத்தாலும் தொடாதீங்க.

டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, பில், மூணையும் ஒரே போட்டோவுல எடுங்க. தீர்ந்தாலும் அடியில கொஞ்சம் மிச்சம் வச்சு டப்பாவைத் தூக்கிப்போடாம வைங்க. நாளைக்குப் பிரச்சினைன்னா 'கலப்படப் பொருள்'னு நிரூபிக்க வேண்டியது வீரர்தான். திறந்த டப்பாவைக் காட்டினா 'நீயே கலந்திருப்ப'ன்னுவாங்க. அதே பேட்ச்ல சீல் உடைக்காத இன்னொண்ணு கிடைச்சாத்தான் வாதம் நிக்கும். நின்னா 4 வருஷம் என்பது எச்சரிக்கையிலருந்து 2 வருஷத்துக்குள்ள குறையலாம். நிக்கலைன்னா 4 வருஷமும் வரலாம்.

இவ்வளவு மெனக்கெட்டு வாங்குறதுல பலன் நிரூபணமானது சிலதுதான். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம். கஃபீன் கிலோவுக்கு 3 மி.கி., அது தடையில இல்லை, கண்காணிப்புல மட்டும்தான். புரதம் எடையில கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம். 85 கிலோ ஆளுக்கு 136-லருந்து 187 கிராம் வரை. முட்டை, கோழி, மீன், சுண்டல், தயிர் சேர்த்தாலே பெரும்பகுதி வந்துடும்.

இனி யாரும் கேட்காத பகுதி. நம்ம ஊர்ல பவுடரைவிட கிளினிக்தான் ஆபத்து.

'உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர்'னு போனா 500 மில்லி குளுக்கோஸ் பாட்டில் ஏத்துவாங்க. அதுல தடைப்பொருள் ஒண்ணுமே இல்லைன்னாலும் 12 மணி நேரத்துக்கு 100 மில்லிக்கு மேல நரம்பு வழியா ஏத்துறதே தடை. ஆஸ்பத்திரிச் சிகிச்சை, அறுவை சிகிச்சை, நோயறியும் பரிசோதனை, இதுகளுக்கு மட்டும்தான் விலக்கு. அழகுக்குன்னு போடுற குளுட்டாதயோன் ட்ரிப்ஸும் இதுக்குள்ளதான்.

காய்ச்சலுக்குப் போடுற 'ஒரு ஊசி'யில டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு இருக்கலாம். 2022-லருந்து ஸ்டீராய்டு ஊசி எந்த வழியில போட்டாலும் போட்டிக் காலத்துல தடை. தசையில போட்ட டெக்ஸாமெத்தசோன் வெளியேற 5 நாள் கணக்கு, ட்ரையாம்சினோலோன்னா 60 நாள். முட்டிக்குள்ள போடுற ட்ரையாம்சினோலோனுக்கு 10 நாள்.

இருமல் டானிக் பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. ப்ரோம்ஹெக்ஸினோட 'டெர்பூட்டலின்'னு இருந்தா அது வருஷம் 365 நாளும் தடை. ஆஸ்துமா மருந்தான சால்பூட்டமால் இன்ஹேலரா மட்டும்தான் அனுமதி: 8 மணி நேரத்துல 600 மைக்ரோகிராம், 24 மணி நேரத்துல 1600. ஒரு பஃப் 100-ன்னா எட்டு மணி நேரத்துக்கு ஆறு பஃப். அதே சால்பூட்டமால் சிரப்பாவோ மாத்திரையாவோ போனா தடை. டிராமடால் வலி மாத்திரை 2024 ஜனவரி 1-லருந்து போட்டிக் காலத்துல தடை.

வேற வழியில்லாம தேவைப்படுற மருந்துன்னா சிகிச்சை விலக்குக்கு நாடாவுக்கு (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) போட்டிக்கு 30 நாளைக்கு முன்னாடி விண்ணப்பம் போகணும். மருந்து பேரைத் தட்டிப் பார்க்க அவங்களோட 'நோ யுவர் மெடிசின்' செயலி இருக்கு. அது மருந்துக்குத்தான். பவுடர் டப்பா பேரைத் தட்டி ஏமாறாதீங்க.

---

மெரினா_விங்கர்:

ட்ரிப்ஸ் விஷயம் சத்தியமாத் தெரியாது. அப்போ கத்திரி வெயில்ல பிராக்டீஸ்ல சுருண்டு விழுறவனுக்கு என்ன பண்றது?

---

மருந்துப்பெட்டி:

விழுந்தா ஆஸ்பத்திரிதான், அங்க ஏத்துறதுக்கு விலக்கு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியும், எத்தனை மில்லி என்ன மருந்து ஏத்தினாங்கன்ற சீட்டும் வாங்கி வைங்க. உயிரைவிட விதி பெருசில்ல.

விழாம இருக்க: பிராக்டீஸுக்கு முன்னாடியும் பின்னாடியும், வேர்த்த ஜெர்சியைக் கழட்டிட்டு எடை பாருங்க. குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் 1.25 முதல் 1.5 லிட்டர், சில மணி நேரத்துல பிரிச்சுக் குடிக்கணும். வெறும் தண்ணி மட்டும் ஊத்திக்காதீங்க, உப்பு குறைஞ்சு தலை சுத்தும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு ஒரு லிட்டர், அரை லிட்டர்ல கரைக்கக் கூடாது. உப்புப் போட்ட மோரும் நல்லதுதான்.

---

லேப்கோட்டு:

தண்ணி பேச்சு வந்ததால ஒண்ணு. சோதனைக்குக் கூப்பிட்டதும் பதட்டத்துல மூணு லிட்டர் குடிக்கிறவங்க உண்டு. சிறுநீர் நீர்த்துப்போய் அடர்த்தி 1.005-க்குக் கீழ போனா திரும்பக் கொடுக்கச் சொல்லி உட்கார வைப்பாங்க, ராத்திரி 11 மணி ஆகும். தேவை 90 மில்லி. அதுல ஏ பாட்டில்ல 60, பி பாட்டில்ல 30. குறைஞ்சா அதை சீல் பண்ணி வச்சுட்டு மிச்சத்துக்குக் காத்திருக்கலாம். கிட்டை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பெட்டி, மூடி, பாட்டில் மூணுலயும் நம்பர் ஒண்ணான்னு பார்த்துட்டு, சீல் வைக்கிறதையும் நீங்களே வைங்க. 18 வயசு ஆகாத பையன்னா கூட ஒரு பெரியவர் இருக்கணும், தனியா அனுப்பாதீங்க.

ஃபாரத்துல கடைசி 7 நாள்ல எடுத்த எல்லாத்தையும் எழுதுங்க. மணி சொன்ன அந்தக் காலிக் கட்டம் இதுதான். வைட்டமின் மாத்திரை, டானிக், நாட்டு மருந்துப் பொடி, பவுடரோட பேட்ச் நம்பர் வரைக்கும். இடம் பத்தலைன்னா கூடுதல் தாள் கேளுங்க, கொடுப்பாங்க. கையெழுத்துப் போட்ட நகலை வாங்காம எழுந்திருக்காதீங்க.