வென்ட்னர் போகலாமா? அம்மாவுக்கு மூட்டு வலி, எங்களிடம் கார் இல்லை

கல்யாணி, ஈஸ்ட் ஹாம்:

அம்மா (69) திருச்சியிலிருந்து வந்து மூன்று மாதமாகிறது. லண்டனில் காட்ட வேண்டியதையெல்லாம் காட்டியாயிற்று. ஊருக்குத் திரும்பும் முன் "ஒரு நல்ல கடலைக் கண்ணில் காட்டு" என்கிறார். பிரைட்டன் கூட்டத்தைப் பார்த்து ஏற்கெனவே ஒருமுறை மிரண்டுவிட்டார்.

ஐல் ஆஃப் வைட் தீவில் வென்ட்னர் என்ற ஊரின் படம் ஒன்று கண்ணில் பட்டது. மலைச்சரிவில் அடுக்கடுக்காக விக்டோரியா காலத்து வீடுகள், அடியில் சின்னக் கடற்கரை. அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. ஆனால் இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. முட்டைகூடச் சாப்பிட மாட்டார். பையனுக்கு எட்டு வயது, ரயில் என்றால் உயிர். துணிந்து போகலாமா, இல்லை ரைட், ஷாங்க்லின் என்று அதே தீவில் வேறு ஊர் பார்க்கட்டுமா?

சட்டுவம்:

போகலாம். அந்த ஊரில் இரண்டு வருடம் ஒரு ஓட்டல் சமையலறையில் வெந்திருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் வழி. வாட்டர்லூவில் ஏறினால் போர்ட்ஸ்மத் ஹார்பரில் ரயிலும் கப்பலும் ஒட்டியே நிற்கும். ஷாங்க்லின் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள், கப்பலும் அதில் அடக்கம். இருபது நிமிடம் சொச்சத்தில் ரைட் ஊரின் பாலத்துறையில் இறக்கிவிடுவார்கள். 1814-ல் கட்டியது. கடலுக்குள் அரை மைல் நீளம், ஏனென்றால் அங்கே தண்ணீர் வற்றினால் மணல்தான் தெரியும், படகு கரைக்கே வராது. அதன் நுனியிலேயே ரயில் நிற்கிறது, அம்மா அந்த அரை மைலை நடக்க வேண்டாம்.

ரயில் ஷாங்க்லினோடு முடிந்துவிடும். முன்பு மலையைக் குடைந்து வென்ட்னருக்கே போனது, 1966-ல் நிறுத்திவிட்டார்கள். அந்தச் சுரங்கத்தில் இப்போது குடிநீர்க் குழாய்தான் போகிறது. ஷாங்க்லினிலிருந்து 3-ம் எண் பஸ் பிடியுங்கள்.

இனிதான் முக்கியமான விஷயம். வென்ட்னரில் கீழ்த்தெரு வீட்டின் புகைபோக்கியும் மேல்தெரு வீட்டின் வாசலும் ஏறக்குறைய ஒரே மட்டம். கடற்கரையில் அறை எடுத்துவிட்டு ஒரு பால் பாக்கெட்டுக்காக மேலே கடைத்தெருவுக்கு ஏறிப் பாருங்கள், புரியும். அதனால் என் ஆலோசனை: ஊரை மேலிருந்து கீழாகப் பாருங்கள். பஸ்ஸில் மேலே இறங்கி, மெதுவாக நடந்து, சரிவில் வழியும் அந்த ஓடையையும் பூந்தோட்டத்தையும் பார்த்தபடி கடற்கரைக்கு வந்துவிட்டு, திரும்ப டாக்ஸி.

இப்படி ஒரு சரிவில் ஊரைக் கட்டுவானேன் என்று நானும் கேட்டிருக்கிறேன். 1830 வாக்கில் அது நாலு மீனவர் குடிசைதான். ஜேம்ஸ் கிளார்க் என்ற டாக்டர் அந்தப் பக்கத்துக் குளிர்காலம் நெஞ்சு நோய்க்கு நல்லது என்று எழுதினார். வடகாற்றை மலை தடுத்துவிடும், தெற்கு வெயில் நேராக விழும். அவ்வளவுதான், இருமுகிறவர்களும் அவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்களும் வந்து குவிந்துவிட்டார்கள். நம் தாம்பரம் சானடோரியமும் இதே காற்று வைத்தியத்தின் பிள்ளைதானே. கார்ல் மார்க்ஸ்கூட மார்புச் சளியோடு இரண்டு குளிர்காலம் இங்கே வந்து தங்கியிருக்கிறார். காசநோய்க்கென்று பெரிய ஆஸ்பத்திரி ஒன்றே நடந்தது, ஒவ்வொரு நோயாளிக்கும் கடலைப் பார்த்த தனி அறை. மருந்து வந்தபின் வேலை இல்லாமல் போய் 1964-ல் மூடினார்கள். இடித்த இடத்தில் இப்போது தாவரவியல் தோட்டம். இங்கிலாந்தில் பனைவகை மரம் வெட்டவெளியில் நிற்பதை அம்மா பார்க்கட்டும். சுவரில் பல்லிகள் வெயில் காயும், அது பையனுக்கு.

ஊரே பழைய நிலச்சரிவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அடியில் நீலக் களிமண், மழைத்தண்ணீர் இறங்கினால் வழுக்கும். எங்கள் சமையலறைக் கதவு மழைக்காலம் முடிந்தால் இறுகிக்கொள்ளும், தோளால் இடித்துத்தான் திறப்போம். முதலாளிக்கு அது ஒரு விஷயமே இல்லை.

காந்தியும் லண்டனில் படித்த நாட்களில் இங்கே வந்திருக்கிறார். சைவ உணவுக் கூட்டத்தில் எழுதிவைத்ததைக்கூடப் படிக்க முடியாமல் நடுங்கிப்போய், நண்பர் படித்தாராம். வீட்டுக்காரம்மாவின் மகள் அவரை மலைக்கு இழுத்துக்கொண்டு போனதும், குதிகால் செருப்போடு அவள் அம்பு மாதிரி இறங்கிவிட இவர் இடையிடையே தவழ்ந்து இறங்கியதும் அவரே எழுதிய கதை.

பிசியோ:

சட்டுவம் சார், எழுத்து பிரமாதம், ஆலோசனை தப்பு. தேய்ந்த மூட்டுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். உடம்பின் எடை முழுக்க முட்டியில் இறங்கும். உங்கள் காந்தி கதையிலேயே அவர் திணறியது இறங்கும்போதுதானே! கல்யாணி, ஷாங்க்லினில் தங்குங்கள். அங்கே மேட்டிலிருந்து கடற்கரைக்கு லிஃப்ட் இருக்கிறது. வென்ட்னரில் ஏற டாக்ஸி, இறங்கவும் டாக்ஸி. இடையில் கடலோரப் பாதை சமதளம், அங்கே அம்மா எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கலாம்.

சட்டுவம்:

ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அப்போது வயது 24, முட்டி இருப்பதே தெரியாது.

சாப்பாடு சொல்ல மறந்துவிட்டேன். சிப்ஸ் வாங்கும் முன் எந்த எண்ணெய் என்று கேளுங்கள். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பு. தாவர எண்ணெய் என்றாலும் மீன் பொரித்த அதே சட்டியா என்று இன்னொரு கேள்வி. நான் பொரித்தவன், சொல்கிறேன்.

ஸ்டீம் எஞ்சின்:

பையனிடம் ஒரு ரகசியம் சொல்லுங்கள். ஷாங்க்லின் போகும் அந்த இரண்டு பெட்டி ரயில், லண்டன் பாதாள ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஓடிய பழைய ரயிலைப் புதுப்பித்தது. ஒருகாலத்தில் உங்கள் ஈஸ்ட் ஹாம் வழியாக ஓடிய வகைதான். ரைட்டில் உள்ள சுரங்கம் தாழ்வானது, முழு உயர ரயில் நுழையாது. வழியில் ஸ்மால்புரூக் சந்திப்பில் இறங்கினால் நீராவி ரயிலுக்கு மாறலாம். ஓடும் நாளா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கல்யாணி, ஈஸ்ட் ஹாம்:

போய் வந்துவிட்டோம். பிசியோ சொன்னபடி ஷாங்க்லினில் தங்கினோம். "இது நம்ம ஸ்டேஷன் ரயில்" என்று பையன் பெட்டியில் எல்லோரிடமும் சொன்னான். நீராவி ரயிலுக்கு மட்டும் நேரம் போதவில்லை, அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

வென்ட்னரில் டாக்ஸியில் இறங்கக் கூச்சமாக இருந்தது, அவ்வளவு குறைந்த தூரம். "காந்தியே தவழ்ந்துதானேடி இறங்கினார்" என்று அம்மா கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கடலோரப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் அசையவில்லை. புளியோதரை அங்கேதான் திறந்தோம்.

தோட்டத்தில் பையன் பதினொரு பல்லி எண்ணினான். அம்மாவோ அங்கே இருந்த ஆஸ்பத்திரியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பெரியப்பா தாம்பரத்தில் எட்டு மாதம் படுத்திருந்தாராம். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது.

சிப்ஸ் கடையில் இரண்டு கேள்வியும் கேட்டேன். இரண்டாவது கேள்விக்கு அந்தப் பையன் சட்டியைத் திரும்பிப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். நாங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.