பாறைக்கு வயது 370 கோடி, அது சொல்லும் கதைக்கு 440 கோடியா?

நிலவியல்_மாணவி:
கிரீன்லாந்தின் தென்மேற்கில் உள்ள ஐசுவா பாறைகள் 370 முதல் 380 கோடி ஆண்டுகள் பழையவை. ஆனால் அவற்றிலுள்ள நியோடிமியம் என்ற உலோகத்தின் 142 எடையுள்ள வகையை (நியோடிமியம்-142) அளந்து, பூமி பிறந்த முதல் 20 கோடி ஆண்டுகளுக்குள்ளேயே மேன்டில் (பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கு) வெவ்வேறு கலவையுள்ள பகுதிகளாகப் பிரிந்துவிட்டது என்கிறார்கள். பாறையே இல்லாத காலத்துக்கு அந்தப் பாறை எப்படிச் சாட்சியாகும்? வகுப்பில் கேட்டேன், தேர்வுக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள்.

கற்பொடி:
தேர்வுக்கு வராவிட்டால் போகட்டும் அம்மா, கேட்கவேண்டிய கேள்வி இதுதான். நான் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுவகைகள்) ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

சமாரியம் என்ற உலோகத்தின் கதிரியக்க ஐசோடோப்பான சமாரியம்-146 சிதைந்து நியோடிமியம்-142 ஆகிறது. அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். ஐசுவா பாறை உறைந்தபோது தொடக்கச் சமாரியம்-146இல் சில நூறில் ஒரு பங்கே மிச்சம். ஆகவே அதிலுள்ள கூடுதல் 142 அந்தப் பாறைக்குள் விளைந்ததல்ல, தாய் மேன்டிலிடமிருந்து வந்த சொத்து. மேன்டில் உருகினால் நியோடிமியம் குழம்போடு எளிதாகப் போய்விடும், சமாரியம் சற்றுப் பின்தங்கும். எஞ்சிய மேன்டிலில் நியோடிமியத்தோடு ஒப்பிட்டால் சமாரியத்தின் விகிதம் கூடும். சமாரியம்-146 தீர்வதற்குள் இது நடந்திருந்தால்தான் அங்கே 142 மிகும்.

அந்த மிகுதி பத்து லட்சத்தில் 10 முதல் 20 பங்குதான். சீரியம் என்ற தனிமத்துக்கும் 142 எடையுள்ள ஐசோடோப்பு இருப்பதுதான் பெரிய தலைவலி. பாறைப்பொடியை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, பிசின் நிரப்பிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கிச் சீரியத்தை விரட்டவேண்டும். கொஞ்சம் தங்கினாலும் கணக்கு பொய்த்துவிடும். 1992இல் ஹார்ப்பர், ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர்கள் இந்த மிகுதியை அறிவித்தபோது ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. 2003இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்து உறுதிசெய்தன.

நிலவியல்_மாணவி:
நன்றி ஐயா. ஐசுவா பாறைகள் பலமுறை வெந்து உருமாறியவை ஆயிற்றே. அதில் இந்த எண் கெட்டுவிடாதா?

கற்பொடி:
சமாரியம்-147, நியோடிமியம்-143 இணையில் அந்தத் தொல்லை உண்டு. 147 இன்றும் சிதைந்துகொண்டிருக்கிறது, உருமாற்றத்தில் விகிதம் கலைந்தால் வயதுக்கணக்கும் கலைந்துவிடும். 142இன் கதை வேறு. 146 தீர்ந்தபின் எவ்வளவு வெந்தாலும் புதிய 142 மிகுதி பிறக்காது. வேறு நியோடிமியம் கலந்தால் மிகுதி மங்கும், அவ்வளவுதான். மங்கியும் எஞ்சியிருப்பதால்தான் அதை நம்புகிறேன்.

வடகரை:
எதிர்ப்பக்கமும், அதாவது பிரிந்துபோன குழம்பின் பக்கமும் உண்டு. கனடாவில் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள நூவாகிட்டுக் பாறைகளில் நியோடிமியம்-142 குறைவு. 2008இல் அதை வைத்து 428 கோடி ஆண்டுகள் என்று வயது சொன்னார்கள், அந்த வயதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். என் கேள்வி: மேன்டில் ஓயாமல் புரள்கிறதே, ஐசுவாவில் கண்ட மிகுதி எப்போது கரைந்துபோனது?

கற்பொடி:
இன்றைய எரிமலைப் பாறைகளில் ஏறக்குறைய இல்லை. ஆனால் கனடாவின் அபிடிபி பகுதியில் 270 கோடி ஆண்டுகள் பழைய எரிமலைக்குழம்புப் படிவு ஒன்றில் பத்து லட்சத்தில் 7 பங்கு மிகுதி இருப்பதாக 2013இல் வெளியிட்டார்கள். அப்படியென்றால் மேன்டிலின் ஒரு பகுதி ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகள் கலக்காமல் கிடந்திருக்கிறது. அன்று புவித்தட்டுகள் இன்றுபோல் ஓயாமல் நகரவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு படிவு இவ்வளவு பெரிய முடிவைத் தாங்காது, அதே வயதுள்ள இன்னும் பல பாறைகளை இதே நுணுக்கத்தோடு அளக்கவேண்டும்.