லாப்ரடார் கரையில் கப்பல் வரைவது: கப்பல் நிற்க மாட்டேன் என்கிறது!

கேள்வி:
ஞாயிறு காலையில் சிங்கப்பூர் லாப்ரடார் பூங்காவில் உட்கார்ந்து கப்பல் வரைந்து பழகுகிறேன். கெப்பல் துறைமுகம் பக்கம் போகும் கப்பல் கிட்டத்தில்தான் போகிறது, ஆனால் நாலு கோடு போட்டு நிமிர்வதற்குள் போயே போய்விடுகிறது. சரி, நங்கூரமிட்டதை வரையலாம் என்று ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போனால், பாதி வரைவதற்குள் அது வேறு பக்கம் திரும்பி நிற்கிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1:
அது நீரோட்டத்தின் வேலை தம்பி. நங்கூரம் முன்பக்கம் இருப்பதால் ஓட்டம் மாறும்போது கப்பல் முழுசாகச் சுற்றிக்கொள்ளும். ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) பார்த்துவிட்டுப் போங்கள்.

பதில் 2:
முதலில் ஒரே ஒரு கண்டெய்னரைச் சரியாக வரைந்துகொள்ளுங்கள். 40 அடிப் பெட்டியின் நீளம் அதன் உயரத்தைப் போலக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு, அதை வைத்து மற்றதை அளந்துவிடலாம். அப்புறம் அந்தச் சிவப்பு அடிப்பகுதி: சரக்கு இல்லாத கப்பலில் தூக்கலாகத் தெரியும், சரக்கு ஏற ஏற நீருக்குள் போய்விடும். பலர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சிவப்பு பூசுகிறார்கள், பார்க்கவே சகிக்காது.

பதில் 3:
பேசாமல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இருக்கும் போட் கீ வாருங்கள். 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபிறகு ஆற்றில் ஓதமே இல்லை. பழைய சரக்குத் தோணிகள் 1983இலேயே பாசிர் பாஞ்சாங் போய்விட்டன, இப்போது சுற்றுலாப் படகுகள்தான், ஆனால் முகப்பில் கண் வரைந்த படகு இன்னும் பார்க்கலாம்.

கேட்டவர்:
அக்கா, இப்போதுதான் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பதினொரு கப்பல், எல்லாவற்றிலும் ஒரே அளவு சிவப்பு.