புகைத்தலா, புகைவேக்காடா? வான்கோழிக்கால் குறிப்புக்கான சொற்கள்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

அமெரிக்கப் பொருட்காட்சிகளில் கையில் பிடித்துக் கடித்துத் தின்னும் வான்கோழிக்காலை வீட்டிலேயே செய்வதற்கான குறிப்பைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது எழுந்த சொற்சிக்கலைச் சென்ற வாரம் இங்கே முன்வைத்தேன். வந்த மடல்களில் பெரும்பாலானவை ‘ஸ்மோக்கிங்’ என்ற ஒரே சொல்லை எப்படித் தமிழாக்குவது என்பதைச் சுற்றி அமைந்தன. உண்மையான சிக்கல் அதற்கு முந்தைய படியில் இருக்கிறது என்பது என் மதினிக்கு நேர்ந்ததைச் சொன்னால் விளங்கும்.

டாலஸில் வசிக்கும் அவர் என் வரைவை நம்பி ஆறு கால்களை வாங்கி ஊறவைத்தார். இறைச்சியைப் பாதுகாக்கச் சேர்க்கும் ஒரு தனி உப்பை நான் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘இளஞ்சிவப்பு உப்பு’ என்று எழுதியிருந்தேன். அவர் வீட்டில் இருந்த இந்துப்பைப் போட்டுவிட்டார், அதுவும் இளஞ்சிவப்புத்தானே. நான்கு நாள் காத்திருந்து, மூன்று மணி நேரம் புகையில் வேகவைத்து வெட்டியபோது உள்ளே சாம்பல் படர்ந்த பழுப்பாக இருந்தது. டெக்சஸ் மாநிலப் பொருட்காட்சியில் அவர் உண்டதோ செந்நிறமாக, ஹாம் (பாடம் செய்த பன்றித்தொடைக் கறி) போன்ற சுவையுடன் இருந்தது. “அண்ணன் எழுதினபடிதானே செஞ்சேன்” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிழை என் சொல்லில்தான் இருந்தது.

இதன் மறுபக்கம் இன்னும் அச்சந்தருவது. அந்தத் தனி உப்பில் 6.25 விழுக்காடு சோடியம் நைட்ரைட் இருக்கிறது. மற்றது சாதாரண உப்பு. சமையலுப்பு என்று யாரும் மயங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அதற்குச் செயற்கையாக நிறம் சேர்க்கிறார்கள். அளவு மீறி உடலில் சேர்ந்தால் குருதி உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கும். எச்சரிக்கைக்காகச் சேர்த்த நிறத்தையே நாம் பெயராக்கி, அதை இந்துப்போடு குழப்பும்படி செய்வது பொறுப்பற்ற செயலாகும்.

ஆகவே என் முதல் முன்மொழிவு ‘பாடம்’ என்ற சொல்லே. தோலைப் பாடம் செய்தல், புகையிலையைப் பாடம் போடுதல் என்று தொழில் செய்வோர் சொல்லிவருவதுதான் இது. ஒரு பொருள் கெடாமலும், தன் இயல்பு மாறிப் புதிய குணம் பெறும்படியும், நாள்கணக்கில் பக்குவப்படுத்துவதை இச்சொல் குறிக்கிறது. இறைச்சியில் நைட்ரைட் செய்வதும் அதுவே. அது நைட்ரிக் ஆக்சைடாக மாறித் தசையின் நிறமியான மயோகுளோபினோடு பிணைகிறது. வெந்த பிறகும் கறி சிவந்தே நிற்பது இதனால்தான். ஹாமின் சுவையும் பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது. புகை தருவது மணமும் மேல்தோலின் நிறமும்.

> பாடம் என்றால் பள்ளிப்பாடம் என்றுதானே எண்ணுவார்கள்? பதப்படுத்தல் போதாதா?

இப்படி மடலில் கேட்ட நண்பருக்கு: போதாது என்பது என் துணிபு. குளிரில் உறையவைப்பதும், டின்னில் அடைப்பதும், ஊறுகாய் போடுவதும் பதப்படுத்தலே. பள்ளிப்பாடத்தோடு மயக்கம் வரும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. ‘காலைப் பாடம் செய்து’ என்ற தொடரை வகுப்பறையோடு யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். அந்த உப்பைப் ‘பாடவுப்பு’ என்று அழைக்கலாம். குறிப்பில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: காலும் நீரும் சேர்ந்து 4 கிலோ என்றால் பாடவுப்பு 10 கிராம், சமையலுப்பு 80 கிராம், சர்க்கரை 40 கிராம், குளிர்பெட்டியில் நான்கு நாள். இந்த அளவில் நைட்ரைட் பத்து லட்சத்தில் 156 பங்கு வருகிறது. பாடவுப்பைக் கரண்டிக் கணக்கில் அளக்காமல் கட்டாயம் தராசில் நிறுக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

இனிப் புகைக்கு வருகிறேன். ‘புகைத்தல்’ சிகரெட்டிலிருந்து மீளாது. ‘மூட்டம் போடுதல்’ வாழைத்தார் பழுக்கவைப்பவர்களுக்கு உரியது. அங்கே புகை வேகவைப்பதில்லை. ‘புகையூட்டல்’ எனக்கும் பிடித்த சொல், ஆனால் அதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். ஏனெனில் 30 பாகை செல்சியசுக்குக் கீழே மீனுக்கு வெறும் புகைமணம் ஏற்றுவதும், 120 பாகையில் வான்கோழிக்காலைப் புகையின் வெம்மையிலேயே வேகவைப்பதும் ஒரே வினை அல்ல. பின்னதற்கு ‘புகைவேக்காடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அரைவேக்காடு, முழுவேக்காடு என்று சமையலறையில் நாளும் புழங்கும் சொல்லோடு புகை சேர்ந்துவிட்டால், படித்தவுடனே பொருள் விளங்கும். மாசிக் கருவாட்டை எடுத்துக்காட்டாகச் சொன்ன இலங்கை நண்பருக்கு நன்றி. ஆனால் மாசி முதலில் நீரில் வெந்து, பிறகு புகையிலும் வெயிலிலும் காய்கிறது. எனவே அது புகையூட்டல்தான், புகைவேக்காடு ஆகாது. இரண்டு சொல் ஏன் வேண்டும் என்பதற்கு அதுவே நல்ல சான்று.

பாடத்துக்கும் புகைக்கும் இடையே ஒரு படி உண்டு. ஊறிய கால்களைத் துடைத்து, ஓர் இரவு குளிர்பெட்டியில் மூடாமல் வைத்தால் மேலே மெல்லிய, பிசுபிசுப்பான ஒரு படலம் கட்டும். ஈரம் சொட்டும் தோலைவிட அதில் புகை சீராகப் படியும். இதற்கு ‘ஏடு’ என்பதே போதும். பால் ஆறும்போது படிவதை ஏடு என்று சொல்லும் நமக்கு வேறொரு சொல் எதற்கு?

கருவிக்குப் ‘புகைக்கூண்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஏற்கெனவே ஆலைகளின் உயரமான புகைபோக்கிக்குப் பெயராகிவிட்டது. ‘புகையடுப்பு’ என்றால் கண்ணைக் கரிக்கும் விறகடுப்பு நினைவுக்கு வரும். ‘புகைச்சூளை’ என்பதை நான் ஆதரிக்கிறேன். மூடிய வெளியில் வெப்பத்தை அடக்கிவைக்கும் அமைப்பு என்ற பொருள் சூளையில் இருக்கிறது. வீட்டுக் கருவிக்கு அது பெரிய சொல் என்ற எதிர்ப்பு நியாயமானதே. இதைவிடச் சிறியது கிடைத்தால் மாற்றிக்கொள்வேன். புகைக்காக எரிக்கும் ஹிக்கரி, ஆப்பிள் ஆகிய மரங்களின் பெயர்களை அப்படியே வைக்கலாம்.

வேக்காட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் குறிப்பில் இடம்பெற வேண்டும். பாடம் செய்த கறி முழுவதும் வெந்த பின்னும் சிவப்பாகவே இருக்கும் என்பதால், நிறத்தைப் பார்த்து அரைவேக்காடு என்று முடிவு கட்டவும் கூடாது, பாடம் செய்யாத கறியை நிறத்தைப் பார்த்து வெந்தது என்று நம்பவும் கூடாது. வெப்பமானியை எலும்பில் படாமல் சதையின் நடுவே செருகிப் பார்க்க வேண்டும். 74 பாகை கண்டால் உண்ணத் தக்கது. ஆனால் கால்சதையின் இணைப்புத்திசு இளகி மென்மையாக வேண்டுமென்றால் 80 பாகையைத் தாண்ட விட வேண்டும்.

எனக்கு விடை கிடைக்காத ஒன்று மீதியிருக்கிறது. வான்கோழியின் கீழ்க்காலில் குச்சிபோல் விறைத்த நாண்கள் பல உண்டு. எவ்வளவு வெந்தாலும் அவை இளகுவதில்லை, தின்னும்போது உருவிப் போட வேண்டியவை. பாடநூல் அவற்றைத் தசைநாண் என்கிறது. கறிக்கடையில் நரம்பு என்கிறார்கள். உயிரியல் படித்தவர்களுக்கோ நரம்பு வேறொன்று. சமையற்குறிப்பு கறிக்கடையின் சொல்லைப் பின்பற்ற வேண்டும் என்பது என் சாய்வு. உங்கள் ஊரில் இறைச்சி வெட்டுவோர் இதற்குத் தனிச்சொல் ஏதும் வைத்திருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதினி மறுபடியும் கால்களை ஊறவைக்கப் போகிறார். அதற்குள் திருத்திய குறிப்பை அவருக்கு அனுப்ப வேண்டும்.