"ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட இழக்கவில்லை": டஸ்கீகி விமானிகளைப் பற்றிய இந்த வரி இனியும் வேண்டுமா?

ஏடுபுரட்டி:

போன வாரம் இங்கே ஒரு நண்பர், இரண்டாம் உலகப்போரில் டஸ்கீகி விமானிகள் ஓட்டிய சிவப்பு வால் மஸ்டாங் போர் விமானத்தின் படத்தைப் போட்டு, "200 முறை காவலுக்குப் போனார்கள், ஒரு குண்டுவீச்சு விமானத்தைக்கூட எதிரியிடம் பறிகொடுக்கவில்லை" என்று எழுதியிருந்தார். "அப்படி இல்லை, 27 விழுந்தன" என்று நான் ஒரு வரி பதில் போட்டேன். அதற்கு வந்த கோபத்தைப் பார்த்தபிறகு, தனித் திரியாகவே பேசிவிடுவோம் என்று தோன்றியது.

முன்கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கறுப்பர்களுக்குப் போரில் நிற்கும் துணிவும் அறிவும் குறைவு என்று 1925இல் அமெரிக்க ராணுவத்தின் போர்க் கல்லூரி அறிக்கையே எழுதி வைத்திருந்தது. அந்த மனநிலை மாறாமலேதான் 1941இல் அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பர்களுக்கென்று தனியாக விமானிப் பயிற்சி தொடங்கினார்கள். முதல் வகுப்பில் சேர்ந்த 13 பேரில் 5 பேர்தான் 1942 மார்ச்சில் தேறினார்கள். அவர்களில் ஒருவர் பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர். இவர்களுடைய 99ஆவது ஸ்குவாட்ரன் (சிறிய விமானப் பிரிவு) 1943இல் வட ஆப்பிரிக்காவுக்குப் போனது. அடுத்த ஆண்டு, டேவிஸ் தலைமையில் 332ஆவது குரூப் (பல ஸ்குவாட்ரன்கள் சேர்ந்த பிரிவு) இத்தாலிக்கு வந்தது. 1944 ஜூனிலிருந்து, அமெரிக்காவின் பதினைந்தாவது விமானப்படையின் பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் பறப்பதுதான் அவர்களுடைய முதன்மையான வேலை.

இனி அந்த 27. அமெரிக்க விமானப்படையின் வரலாற்று ஆய்வகத்தில் வேலை பார்த்த டேனியல் ஹால்மன் எண்ணியது இது. 332ஆவது குரூப் ஒவ்வொரு நாளும் எழுதிய பறப்பு அறிக்கையில், அன்று எந்தக் குண்டுவீச்சு அணிக்குத் துணை போனார்கள் என்று இருக்கும். காணாமல்போன ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஓர் அறிக்கை உண்டு. அது எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தது, தரையிலிருந்து வந்த பீரங்கிக் குண்டிலா, எதிரி விமானத்தாலா என்று அதில் எழுதியிருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பீரங்கியில் விழுந்ததைக் கழித்துவிட்டு, எதிரி விமானம் வீழ்த்தியதை மட்டும் எண்ணினார். பீரங்கிக் குண்டை எந்தக் காவல் விமானமும் தடுக்க முடியாது, அதனால் இது நியாயமான கணக்கு. 7 நாட்களில் 27 விமானங்கள் விழுந்திருக்கின்றன.

எனக்கு இந்த விமானிகள்மேல் மதிப்பு அதிகம். அதனால்தான் பொய்யான வரி அவர்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது பிடிக்கவில்லை.

கழுகுமலை:

அண்ணே, கணக்கை நான் மறுக்கவில்லை. யாருடைய கணக்கை மட்டும் இவ்வளவு அக்கறையாகத் தோண்டுகிறோம் என்பதுதான் என் கேள்வி. அந்தப் போரில் எல்லாப் படைப்பிரிவும் தன்னைப் பற்றிக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிக்கொண்டது. வீழ்த்தியதாக விமானிகள் சொன்ன எண்ணிக்கையையும் ஜெர்மானியர்களின் இழப்புப் பதிவையும் ஒப்பிட்டால் எத்தனையோ பெரிய பெயர்கள் சுருங்கிவிடும். அங்கெல்லாம் யாரும் திரி தொடங்குவதில்லை.

இந்த வரி அவர்களுக்கு வெறும் பெருமை இல்லை. அது ஒரு கவசம். 1943 செப்டம்பரில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். 99ஆவது ஸ்குவாட்ரன் யாருடைய குரூப்போடு சேர்ந்து பறந்ததோ, அந்தக் குரூப்பின் தலைவர் வில்லியம் மோமயர், இவர்களுக்குச் சண்டை போடும் வேகமே இல்லை என்று மேலே எழுதி அனுப்பினார். அதுவரை இவர்களுக்குக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் தரைத் தாக்குதல் வேலை. எதிரி விமானம் வராத இடத்துக்கு அனுப்பிவிட்டு, ஏன் எதிரி விமானத்தை வீழ்த்தவில்லை என்று கேட்டால் எப்படி? டேவிஸ் வாஷிங்டனுக்குப் போய் ஒரு குழுவின்முன் நின்று தன் ஆட்களுக்காக வாதாட வேண்டியிருந்தது. போர் அனுபவம் உள்ள ஒருவர்கூட இல்லாமல் ஒரு ஸ்குவாட்ரன் முழுவதும் ஒரே நேரத்தில் முதன்முதலாகக் களம் இறங்கியது என்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். 1944 ஜனவரியில் இத்தாலியின் ஆன்சியோவில் இரண்டே நாட்களில் பத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை வீழ்த்திய பிறகுதான் பேச்சு அடங்கியது.

அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு வரி இருந்தது. அதையும் பிடுங்க வேண்டுமா?

ஏடுபுரட்டி:

தம்பி, மோமயர் அறிக்கையை வீழ்த்தியது எது? 1944 மார்ச்சில் ராணுவமே ஓர் ஆய்வு செய்து, மத்தியதரைக் கடல் பகுதியில் பி-40 போர் விமானம் ஓட்டிய மற்ற ஸ்குவாட்ரன்களுக்கும் 99ஆவதுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்று எழுதியது. அன்றைக்கு அவர்களைக் காப்பாற்றியது பதிவேடு. அதே பதிவேடு இன்று நமக்குப் பிடிக்காத ஒன்றைச் சொன்னால் அதை மூடி வைக்கலாமா?

இன்னொன்று. அந்த வரி எப்போது பரவியது என்று பாருங்கள். சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகை 1945 மார்ச் 24 தேதியிட்ட இதழில், 200 பயணங்களில் ஒரு குண்டுவீச்சு விமானமும் பறிபோகவில்லை என்று எழுதியது. அதே மார்ச் 24 அன்றுதான் 332ஆவது குரூப் பெர்லினுக்குப் போனது. போய்வர சுமார் 1600 மைல். ரோஸ்கோ பிரவுன் உட்பட மூன்று பேர் ஜெர்மனியின் மெ-262 ஜெட் விமானங்களை மஸ்டாங்கில் இருந்தபடியே வீழ்த்திய நாள் அது. அந்தப் பயணத்துக்காகவே குரூப்புக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. அதே நாளில் அவர்கள் காவலில் 3 பி-17கள் விழுந்தன. பத்திரிகையைக் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே பொய்யாக இருந்த வரி, அது வெளியான நாளிலேயே மறுபடியும் பொய்யானது என்பதைத்தான் சொல்கிறேன்.

மேகராசி:

இருவரும் ஒரே பள்ளத்தில் நின்று சண்டை போடுகிறீர்கள். 0 ஆனாலும் சரி, 27 ஆனாலும் சரி, அந்த எண் ஒரு குரூப்பின் திறமையை எப்படிச் சொல்லும்?

27இல் 15 ஒரே நாளில் விழுந்தன. 1944 ஜூலை 18, ஜெர்மனியின் மெமிங்கன் விமானத் தளத்தைத் தாக்கப் போன நாள். வானிலை மோசமாக இருந்தது. அணிகள் சிதறின. 483ஆவது குண்டுவீச்சு குரூப்பின் பி-17கள் மற்றவர்களோடு சேராமல் தனியாக உள்ளே போய் மாட்டிக்கொண்டன. ஜெர்மன் விமானங்கள் கூட்டமாக வந்து அவற்றின்மேல் பாய்ந்தன. அதே நாளில் 332ஆவது குரூப் பத்துக்கு மேல் எதிரி விமானங்களை வீழ்த்தியது. கிளாரன்ஸ் லெஸ்டர் ஒருவரே மூன்றை வீழ்த்தினார். லீ ஆர்ச்சரின் முதல் வெற்றியும் அன்றுதான். இந்த ஒரு நாளை எடுத்துவிட்டால் மீதி 12. வானிலை கொஞ்சம் தெளிவாக இருந்திருந்தால் இந்தத் திரியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அப்புறம் காவல் என்றாலே இரண்டு விதம் உண்டு. குண்டுவீச்சு விமானங்களை ஒட்டியே பறப்பது ஒன்று. முன்னால் போய் எதிரியைத் தேடி அடிப்பது இன்னொன்று. இங்கிலாந்தில் எட்டாவது விமானப்படையை 1944 ஜனவரியில் ஜிம்மி டூலிட்டில் ஏற்றதும், ஒட்டிப் பறந்தது போதும், போய் வேட்டையாடுங்கள் என்று போர் விமானிகளை அவிழ்த்துவிட்டார். அந்த வசந்தத்தில் ஜெர்மனியின் தேர்ந்த விமானிகள் மளமளவென்று அழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். டேவிஸ் தன் ஆட்களை இன்னொரு பக்கம் இழுத்தார். எண்ணிக்கை சேர்க்கப் போகாதே, உன் வேலை குண்டுவீச்சு விமானத்தின் பக்கத்தில். அதனால்தான் இந்தக் குரூப்பில் ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய 'ஏஸ்' ஒருவர்கூட இல்லை. ஆர்ச்சர், ஜோசஃப் எல்ஸ்பெரி, எட்வர்ட் டாப்பின்ஸ் மூவரும் நான்கோடு நின்றார்கள்.

என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போரை மொத்தமாக வைத்துப் பார்த்தால் டூலிட்டிலின் வழிதான் சரி.

கழுகுமலை:

மேகராசி ஐயா, இதை ஒத்துக்கொள்ள முடியாது. மொத்தக் கணக்கு மேலே உட்கார்ந்து பார்ப்பவருக்கு. பி-24 ஒன்றில் பத்துப் பேர் இருப்பார்கள். வால் பக்கத்துத் துப்பாக்கிக் கூண்டுக்குள் ஒருவன் குளிரில் விறைத்து உட்கார்ந்திருப்பான். பின்னால் எது வந்தாலும் முதலில் அவன்மேல்தான் வரும். அவனுக்குச் சிவப்பு வால் பக்கத்திலேயே இருக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு. எங்கோ நூறு மைல் தள்ளி ஒரு ஜெர்மன் விமானம் விழுந்தது என்ற செய்தி அவனுக்கு அன்றைக்கு எந்த உதவியும் இல்லை. டேவிஸுக்கு அது புரிந்தது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில், கறுப்பர் என்பதால் நான்கு ஆண்டுகள் ஒருவரும் பேச்சுக் கொடுக்காமல், தனியே உண்டு தனியே உறங்கிப் படித்துத் தேறியவர் அவர். பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதன் அருமை அவருக்குத் தெரியாதா?

ஏடுபுரட்டி அண்ணன் விட்டுவிட்ட பாதிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாவது விமானப்படையில் காவல் குரூப்கள் மொத்தம் 7. மற்ற ஆறின் காவலில் விழுந்த குண்டுவீச்சு விமானங்கள் சராசரியாக 46. இவர்களுடையது 27. இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்கமாட்டேன்.

ஏடுபுரட்டி:

அதை எழுதாதது என் தவறு. ஹால்மன் இரண்டு எண்களையும் சேர்த்தேதான் சொல்கிறார். நானும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

நிலாமுற்றம்:

நான் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். இந்த வரியை நானும் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். போன ஆண்டு ஒரு மாணவி எழுந்து, "மிஸ், ஒன்றுகூட விழவில்லை என்றால் எதிரி சரியாகச் சண்டையே போடவில்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வரி இருக்கும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. பூஜ்யம் என்று சொல்லும்போது அந்த விமானிகள் எதிர்கொண்ட ஆபத்தும் பூஜ்யமாகிவிடுகிறது. போர்க்களத்துக்குப் போன டஸ்கீகி விமானிகள் 355 பேர். திரும்பி வராதவர்கள் பலர். 32 பேர் ஜெர்மானியர்களிடம் கைதிகளானார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பூஜ்யத்தையும் சொன்னால் பிள்ளைகளுக்குக் குழப்பம்தான்.

ஆனால் கழுகுமலை அண்ணா சொல்வதும் எனக்குச் சுடுகிறது. 1949இல் லாஸ் வேகாஸில் அமெரிக்க விமானப்படையின் சுடும் போட்டி நடந்தது. ஜெட் இல்லாத பிரிவில் வென்றது இந்த 332ஆவது குரூப்தான். ஜேம்ஸ் ஹார்வி, ஆல்வா டெம்பிள், ஹாரி ஸ்டீவர்ட். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், அந்த ஆண்டின் வெற்றியாளர் யாரென்று தெரியாது என்றே பட்டியலில் அச்சாகிக்கொண்டிருந்தது. அந்தப் பிழையைத் திருத்த யாரும் ஓடிவரவில்லை.

மேகராசி:

அது அநியாயம். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இதே ஜாதியில் இன்னொரு கதையும் உண்டு. குண்டுவீச்சு விமானிகள் எல்லாரும் "எங்களுக்குச் சிவப்பு வால்தான் வேண்டும்" என்று கேட்டு வாங்கினார்கள் என்பார்கள். எந்தக் குரூப் யாரோடு போக வேண்டும் என்பது மேலிடம் தினமும் போட்ட உத்தரவு. கேட்டு வாங்குகிற ஏற்பாடு அங்கே கிடையாது. சிவப்பு நிறமும் அடையாளத்துக்குப் பூசியது. 52ஆவது குரூப்புக்கு மஞ்சள் வால், 325ஆவதுக்குச் சதுரங்கக் கட்டம். ஆனால் பத்திரமாகத் தரை இறங்கியவன் அந்தச் சிவப்பை மறக்கமாட்டான் என்பது உண்மைதான்.

கழுகுமலை:

சரி, அண்ணே. ஒன்று மட்டும் கேட்கிறேன். போர் நடந்த காலத்திலேயே டேவிஸுக்கு இழப்பு இருந்தது தெரியுமா? தெரிந்திருந்தால் அவர் ஏன் மறுக்கவில்லை?

ஏடுபுரட்டி:

அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்வது? ஆனால் ஒரு காகிதம் இருக்கிறது. 1944 ஜூன் 9, மியூனிக் பயணம். அன்று டேவிஸ் தன் ஸ்குவாட்ரன்களை நிறுத்திய விதத்துக்காக அவருக்கு டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ் என்ற பதக்கம் கொடுத்தார்கள். எதிரி விமானங்கள் அத்தனை வந்தும் குண்டுவீச்சு அணிக்குச் சில இழப்புகள் மட்டுமே நேர்ந்தன என்று அந்தப் பாராட்டுரையிலேயே இருக்கிறது. சில இழப்புகள். அன்று விழுந்தவை இரண்டு பி-24. அந்த இரண்டையும் எழுதிவிட்டுத்தான் பதக்கம் கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள், தம்பி. இழப்பு இருந்ததால் பதக்கத்தின் மதிப்பு குறையும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

கழுகுமலை:

இது எனக்குத் தெரியாது. இதைப் படித்தபிறகு பழைய வரியை நான் பிடித்துக்கொண்டிருக்கமாட்டேன். ஆனால் அதற்குப் பதிலாக "27 இழந்தார்கள்" என்று மட்டும் படத்தின் கீழே எழுதினால் மறுபடியும் வந்து சண்டை போடுவேன். அவர்கள் மொத்தம் 179 முறை காவலுக்குப் போனார்கள். 7 நாட்கள் போக 172 முறை எதிரி விமானத்திடம் ஒன்றையும் விடாமல் திரும்பினார்கள். அப்படி எழுதுங்கள்.

மேகராசி:

172 சரிதான், தம்பி, ஆனால் அதிலும் காற்று இருக்கிறது. 1944 பின்பாதியில் ஜெர்மனிக்குப் பெட்ரோலும் இல்லை, விமானிகளும் இல்லை. பல நாட்கள் எதிரியே மேலே வரவில்லை. 179இல் எதிரி விமானங்களைச் சந்தித்தது 35 நாட்கள். அந்த 35ஐ எழுதுங்கள். எதிரி வந்த 35 நாட்களில் 28 நாட்கள் ஒன்றும் விழவில்லை.

நிலாமுற்றம்:

35இல் 28. திங்கட்கிழமை அந்த மாணவியிடம் இதைச் சொல்கிறேன். ஜூன் 9இன் அந்த இரண்டையும் சேர்த்து.