கேரட் பாத்தியில் ஒரே மாதிரி மூன்று களைகள்: எப்படிப் பிரித்து அறிவது?

கேத்தித்தோட்டம்:

இடம் நீலகிரி, கேத்திப் பக்கம். போன போகம் முட்டைக்கோஸ், இப்போது கேரட். பாத்திக்குள் மூன்று களைகள் நிறைய முளைத்திருக்கின்றன. மூன்றுக்குமே தரையோடு படிந்த இலைவட்டம், ஓரம் வெட்டுப்பட்ட இலை, கசக்கினால் கடுகு நெடி. பூ பொடிப்பொடியாக வெள்ளை. களையெடுக்க வருபவர்கள் மூன்றையும் காட்டுக்கடுகு என்றே சொல்கிறார்கள். நாய்க்கடுகு என்றும் ஒருவர் சொன்னார். செல்போன் ஆப்பில் படம் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பெயர் வருகிறது.

போன போகத்தில் கோஸ் செடிகள் வேர் வீங்கி வாடிப்போயின. இந்தக் களைகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற சந்தேகத்தில்தான் கேட்கிறேன். எதைப் பார்த்துப் பிரிப்பது?

இலைநரம்பு:

நாய்க்கடுகு நிச்சயமாக இல்லை. அதற்குப் பூ மஞ்சள், தொட்டால் செடியே பிசுபிசுக்கும், ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலை. பெயரில் கடுகு இருந்தாலும் அது நல்வேளைக் குடும்பம். காயைப் பிளந்தால் தெரிந்துவிடும்: கடுகுக் குடும்பத்துக் காயில் இரண்டு ஓட்டுக்கும் நடுவே கண்ணாடித்தாள் போல ஒரு சவ்வு நிற்கும், நாய்க்கடுகில் அது கிடையாது.

இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். காப்செல்லா என்ற களையின் அடியிலை ஒரே பாத்தியில் ஒரு செடியில் ஆழமாக வெட்டுப்பட்டும், பக்கத்துச் செடியில் வெட்டே இல்லாமலும் இருக்கும். ஆப் தடுமாறுவதும் இதனால்தான். காய் பிடித்த செடியாகப் பார்த்துப் பிடுங்குங்கள், மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

காய் தலைகீழ் முக்கோணமாக, மேல்விளிம்பு நடுவில் சற்றுக் குழிந்து, 6 முதல் 9 மி.மீ. நீளத்தில் தட்டையாக இருந்தால் காப்செல்லா. தண்டில் இருக்கும் இலையின் அடி அம்புமுனை போல இரண்டு காதுகளாகத் தண்டைப் பிடித்திருக்கும். விதையை நனைத்தால் வழவழப்பு ஏறும்.

இரண்டு குட்டி உருண்டைகள் ஒட்டிக்கொண்டது போல, அகலம் 2.5 மி.மீ. மட்டுமே, மேல்தோல் சுருக்கம் சுருக்கமாக இருந்தால் லெபிடியம் டிடிமம். பழைய பட்டியல்களில் கொரொனோபஸ் என்று இருக்கும். தரையில் படர்ந்து கிடக்கும், மூன்றிலும் இதன் நெடிதான் அதிகம். இதழைத் தேடினாலும் கிடைப்பது அரிது, மகரந்தத்தாள் பெரும்பாலும் இரண்டே. பிடுங்கியதை மாட்டுக்குப் போட வேண்டாம், பாலில் அந்த நெடி இறங்கும்.

காய் குச்சி போல 15 முதல் 25 மி.மீ. நீண்டு, பூக்கொத்தையும் தாண்டி மேலே நிமிர்ந்து நின்றால் கார்டமைன். முற்றிய காயை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஓடு இரண்டும் அடியிலிருந்து சட்டென்று சுருண்டு விதையைச் சுண்டி எறியும்.

கைலென்ஸ்:

மேலே சொன்னதெல்லாம் சரி. கார்டமைனில் மட்டும் இன்னும் ஒரு படி இறங்க வேண்டும், ஏனென்றால் அதிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் தோட்டத்துக்குள் வரும்.

புதிதாக விரிந்த பூவை வெள்ளைத் தாளில் வைத்து, குண்டூசியால் இதழ்களை ஒதுக்கிவிட்டு 10 மடங்கு லென்ஸில் மகரந்தத்தாளை எண்ணுங்கள். கடுகுக் குடும்பத்தின் வழக்கமான கணக்கு ஆறு: நீளமானது நான்கு, குட்டையானது இரண்டு. கார்டமைன் ஹிர்சூட்டாவில் அந்தக் குட்டை இரண்டும் பெரும்பாலும் இருக்காது, நான்குதான் நிற்கும். ஒரே பூவோடு நிறுத்திவிடாதீர்கள், எப்போதாவது ஐந்தும் ஆறும் வரும். வெவ்வேறு செடியில் ஐந்து பூவாவது பாருங்கள்.

எல்லாவற்றிலும் ஆறு என்றால் இலைக்காம்பைப் பாருங்கள். ஹிர்சூட்டாவின் காம்பில் ரோமம் இருக்கும், காய்க்கும்போதும் அடியில் இலைவட்டம் நிற்கும். ரோமம் இல்லாமல், காய்க்கிற நேரத்தில் இலைவட்டம் கரைந்து, நுனிச் சிற்றிலை மூன்று மடலாக இருந்தால் அது கார்டமைன் அக்கல்ட்டா. ஆசியாவின் இந்தச் செடியை நெடுங்காலம் ஃப்ளெக்சுவோசா என்றே எழுதி வந்தார்கள். ஃப்ளெக்சுவோசா ஐரோப்பியச் செடி, அதற்குக் குரோமோசோம் 32, அக்கல்ட்டாவுக்கு 64. பழைய பட்டியலோடு ஒப்பிடும்போது இதை மனதில் வையுங்கள்.

மண்வெட்டி:

கேட்டவருக்கு உண்மையில் வேண்டியது வேர் வீக்கத்துக்கான பதில். அந்த நோய் கிளப் ரூட் என்றால் களைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அந்தக் கிருமி கோஸும் சேர்ந்த கடுகுக் குடும்பத்து வேரில்தான் பெருகும், கேரட்டில் பெருகாது. அதனால்தான் கோஸுக்குப் பிறகு கேரட் போடுகிறோம். ஆனால் கேரட் பாத்திக்குள் காப்செல்லாவை விட்டுவைத்தால் கிருமிக்குச் சோறு போட்டது போலத்தான். பயிர் மாற்றியும் பலனில்லாமல் போகும். கிருமியின் வித்து மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

முதலில் அது கிளப் ரூட்தானா என்று உறுதி செய்யுங்கள். காப்செல்லாவைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். வேரே நூல் நூற்கும் கதிர் போல, விரல் போல தடித்திருந்தால் கிளப் ரூட். மணி கோத்தது போல நுண்ணிய முடிச்சு என்றால் நூற்புழு, அது கேரட்டையும் தாக்கும். அப்போது யோசனையே வேறு.

கிளப் ரூட் என்றால் மண் பரிசோதனை செய்து, புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு இட்டு அமில காரக் குறியீட்டை 7.2 வரை கொண்டுவாருங்கள். அந்தப் பாத்தியில் பிடித்த மண்வெட்டியையும் செருப்பையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குப் போகக் கூடாது. வீங்கிய வேரை எருக்குழியில் போடாதீர்கள்.

கார்டமைனில் எல்லோரும் செய்யும் தப்பு, காய் காயட்டும் என்று காத்திருப்பது. அது உலர்ந்து வெடிப்பதில்லை, ஓட்டுக்குள் இருக்கும் நீரழுத்தத்தால் வெடிக்கிறது. பச்சை மாறாமலே வெடித்துவிடும். பூவிலேயே பிடுங்குங்கள். காய் வந்துவிட்டால் செடியின் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வாயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேரோடு இழுங்கள். முளைத்த ஆறேழு வாரத்தில் அடுத்த விதை தயார், அதனால் ஒரு தடவை களையெடுத்தது போதாது.

கேத்தித்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. காயை வைத்துப் பார்த்ததில் காப்செல்லாவும் லெபிடியமும் தெளிவாகிவிட்டன. காப்செல்லா வேரில் இரண்டு செடியில் கதிர் மாதிரி தடிப்பு இருக்கிறது. மூன்றாவதில்தான் குழப்பம்: சில செடியில் நீளக் காய் தட்டினால் வெடிக்கிறது, சிலதில் எவ்வளவு தட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை. அதில் பூவில் இதழே தெரியவில்லை.

கைலென்ஸ்:

வெடிக்காதது ரோரிப்பா என்ற வேறொரு களையாக இருக்கும். முற்றிய காயை நகத்தால் திறந்து பாருங்கள், ஓடு சுருளாமல் நேராகக் கழன்று வரும். ஒவ்வொரு அறையிலும் விதை ஒரே வரிசையாக, காய் ஒரு மி.மீ.க்கும் மெலிதாக இருந்தால் ரோரிப்பா டூபியா, அதற்குப் பெரும்பாலும் இதழ் இருக்காது. விதை இரண்டு வரிசையாக, காய் கொஞ்சம் குட்டையாகத் தடித்து, பூ மஞ்சளாக இருந்தால் ரோரிப்பா இண்டிகா. இவையும் கடுகுக் குடும்பம்தான், காப்செல்லாவோடு சேர்த்து இவற்றையும் எடுத்துவிடுங்கள்.

மண்வெட்டி:

தடிப்பு இருந்த அந்த இரண்டு செடி நின்ற இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மண் மாதிரியை அங்கிருந்தும், பத்தடி தள்ளி இன்னொரு இடத்திலிருந்தும் தனித்தனிப் பையில் எடுங்கள். இரண்டையும் கலந்து அனுப்பினால் புளிப்பு எங்கே கூடுதல் என்பது தெரியாமல் போகும்.